விதைப்பூண்டும் ஒரு கட்டுச் சர்டிபிகேட்டும்

பூம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்தாறு வருஷத்தில், பிச்சையம்மாள் விதைப்பூண்டுக் கட்டை ஐப்பசி விதைப்புக்கு முன்னால் பரணைவிட்டு இறக்கியதே இல்லை. புரட்டாசி எட்டாம் தேதி வியாழக்கிழமை, பால்காரன் வருவதற்கு முன்பே இறக்கிவிட்டாள்.

இறக்கும்போது ஊர்ச் சாமி குழந்தை வேலப்பரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. நல்லசாமி முதல் நாளே உருளைக்கிழங்கு லாரியோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அதுவும் ஒரு வகையில் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் போன வாரம் ஒரு பேச்சு நடந்தது. மகள் வடிவு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒன்பது மனுப் போட்டாள். ஒன்பதும் போன இடம் தெரியவில்லை. "பத்தாவது மனு ஒண்ணு போட்டுக்க. அதுவும் ஆகலைன்னா மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் பூண்டுக் காட்டுக்கு வந்துரணும்" என்று நல்லசாமி சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அழுது மாற்றியிருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் வடிவுக்குப் பயம்.

பத்தாவது மனு துணைச் செவிலியர் பயிற்சிக்கு. பதினெட்டு மாதம் மதுரைப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மனு வாங்கக் கடைசி நாள் இந்த வியாழக்கிழமை. அதுவும் மதுரை வரை போக வேண்டாம், எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்காரர்களே கோடைக்கானலுக்கு வந்து முகாம் போடுகிறார்கள். அசல் சர்டிபிகேட்டுகள் மட்டும் கையில் இருந்தால் போதும்.

அந்த அசல்தான் அடுப்புக்கு மேலே பரணில், விதைப்பூண்டுக் கட்டின் வயிற்றுக்குள் இருந்தது.

இதில் பிச்சையம்மாளைக் குற்றம் சொல்வதற்கு இல்லை. மேல்மலையில் காகிதம் பிழைப்பது கஷ்டம். மூன்று மாத மஞ்சும் மழையும் சேர்ந்தால் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் பூசணம் பூத்துவிடும். போன வருஷம் அவர்கள் வீட்டு ரேஷன் கார்டில் பூச்சி பாதியைத் தின்றுவிட்டது. பக்கத்து வீட்டு வள்ளியின் கல்யாணப் பத்திரிகை கல்யாணத்துக்கு முன்பே பச்சை நிறமாகிவிட்டது. அடுத்த வருஷத்துக்கு உயிரோடு வேண்டும் என்கிற எதையும் அந்த ஊரில் புகையில்தான் தொங்க விடுவார்கள். விதைப்பூண்டு அப்படித்தான் தொங்குகிறது. பிள்ளைகளின் படிப்பும் அப்படித் தொங்கட்டுமே என்று மாசி மாதம் அறுவடை முடிந்ததும் எல்லாக் காகிதத்தையும் ரெக்சின் துணியில் சுற்றி, இரண்டு பெரிய கொத்துப் பூண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டி, ஏழு முடிச்சுப் போட்டுவிட்டாள்.

விதைக்கட்டின் முடிச்சு விதைப்பு அன்றைக்குத்தான் அவிழ வேண்டும். அதற்கு முன்னால் அவிழ்த்தால் அந்த வருஷம் பூண்டு பல் பிடிக்காது. இது அந்த ஊர்க் கணக்கு.

மகளோடும் மகனோடும் அவள் ஆறு மணி பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"யாருப்பா பூண்டு மூட்டை ஏத்துனது? லக்கேஜ் டிக்கெட் எடுங்க."

"மூட்டை இல்லண்ணே, சர்டிபிகேட்" என்றான் அழகுமலை.

பஸ் முழுக்கச் சிரித்தது. அழகுமலை வடிவின் அண்ணன். இருபத்துமூன்று வயது. பழனியில் பி.யூ.சி. படித்தவன். ட்ராயிங் லோயர் பாஸ், டைப்ரைட்டிங் லோயர் பெயில். நாலு வருஷமாக எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பேர் பதிந்துவிட்டு இண்டர்வியூ கார்டுக்குக் காத்திருப்பவன். காத்திருக்கிற நேரத்தில் ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பான். யார் எந்தப் பயிற்சிக்குப் போகலாம், எந்தப் பரீட்சைக்கு என்ன வயசு வரம்பு, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஊரில் பதினெட்டுப் பேருடைய பதிவு அட்டையை எந்தத் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று வீட்டுக் கதவின் உள்பக்கம் கரியால் எழுதி வைத்திருந்தான். தேதி நெருங்கினால் அவரவர் வீட்டுக்கே போய், "ஏலே, ரினியூ பண்ணுனியா இல்லையா? ஒரு நாள் தவறினாலும் சீனியாரிட்டி போச்சு" என்று உலுக்கி எடுப்பான்.

"ஆத்தா, கட்டை ஒருக்கா அவுத்துப் பாத்துருவமா?" என்றாள் வடிவு.

"பொழுது விடியட்டும்."

"விடிஞ்சிருச்சு ஆத்தா."

"எங்கடி விடிஞ்சிச்சு? மஞ்சு எறங்கிக் கெடக்கு. சூரியனைக் கண்ணால பாத்துட்டுத்தான் முடிச்சுல கை வைக்கணும். வெள்ளனே எறக்குனதே தப்பு. இதுல இருட்டுல வேற அவுக்கவா?"

அன்றைக்குச் சூரியன் ரொம்பவும் பிகு பண்ணியது. பஸ் கோடைக்கானல் வந்து சேர்ந்து, பள்ளிக்கூட ஹாலுக்கு நடந்து, வரிசையில் நின்று, எட்டரை, ஒன்பது ஆகியும் ஆளைக் காட்டவில்லை.

ஹாலுக்குள் கூட்டம் நெரிந்தது. மன்னவனூர், கூக்கால், பண்ணைக்காடு என்று எல்லா ஊரிலிருந்தும் பையன்களும் பெண்களும் வந்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் அழகுமலையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் முழங்காலில் அட்டையை வைத்து ஒவ்வொருவருக்காக ஃபாரம் நிரப்பிக்கொடுத்தான்.

"இங்க 'நிரந்தர முகவரி'ன்னு இருக்கே, மழையில வீடு விழுந்துருச்சுண்ணே, என்ன எழுத?"

"வீடு விழுந்தா என்ன, ஊரு நிக்குதுல்ல? ஊர்ப் பேரை எழுது."

பிச்சையம்மாளுக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொல்கிற தன் பிள்ளைக்கு மட்டும் ஒரு வழி பிறக்கவில்லையே என்று நினைத்தாள்.

அதிகாரி வந்தார். தமயந்தி என்று பெயர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மதுரை வெயிலில் வளர்ந்தவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றியும் பல் தந்தியடித்தது. ஆனால் பேச ஆரம்பித்ததும் குளிரை மறந்துவிட்டார்.

"டீச்சர் வேலை வேணுங்கறவங்க கை தூக்குங்க."

பாதிக் கூட்டம் கையைத் தூக்கியது.

"கிளார்க் வேலை?"

மறு பாதி தூக்கியது.

"வேற எதாவது?"

கடைசி வரிசையில் ஒரே ஒரு கை எழுந்தது. வடிவின் கை. எழுந்த கை பாதியிலேயே வெட்கப்பட்டு இறங்கியது.

"இறக்காதம்மா, தூக்கு" என்று சிரித்தார் தமயந்தி. "இங்க பாருங்க. இந்த ரெண்டு க்யூவும் மதுரை வரைக்கும் நிக்குது. போர்டுல பதினோரு பயிற்சி எழுதிப் போட்டிருக்கேன். ஃபிட்டர் இருக்கு, கூட்டுறவுப் பயிற்சி இருக்கு, சர்வே ஆபீஸ் மேப் வரையற வேலை இருக்கு. அதுக்கெல்லாம் ஆள் தேடுறோம். கௌரவமான வேலை எதுன்னு ஊரைக் கேக்காதீங்க. எந்த வேலையைச் செஞ்சா உங்களுக்குச் சலிக்காதுன்னு உங்களைக் கேளுங்க. அப்புறம், ஒண்ணுக்கு மட்டும் பேர் பதிஞ்சுட்டு வீட்டுல உக்காந்து தபால்காரரை எதிர்பாக்காதீங்க."

கடைசி வார்த்தைக்கு அழகுமலை குனிந்துகொண்டான்.

சலிக்காத வேலை என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று பிச்சையம்மாள் யோசித்துப் பார்த்தாள். பூண்டு உரிக்கிறது சலிக்கிறது, களை எடுக்கிறது சலிக்கிறது, நல்லசாமிக்குச் சோறு போடுகிறது அதைவிடச் சலிக்கிறது. ஆனால் போன வருஷம் ஊரில் காளியாயிக்குப் பிரசவ வலி கண்டு, தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, ஏழு மைல் அவள் கையைப் பிடித்தபடி நடந்து வந்தவள் இந்த வடிவு. அன்றைக்கு அவள் முகத்தில் சலிப்பு இல்லை என்பது தாய்க்கு ஞாபகம் வந்தது.

பத்தரை மணிக்குச் சூரியன் எட்டிப் பார்த்தது. பிச்சையம்மாள் ஹால் வாசலுக்கு வந்து அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஏழாவது முடிச்சு அவிழ்வதற்கும் குமாஸ்தா மாயாண்டி "வடிவு, டாட்டர் ஆஃப் நல்லசாமி" என்று கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

மேஜை மேல் ரெக்சின் துணியை விரித்தார்கள்.

மாயாண்டி ஒரு விரலால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை மோந்து பார்த்தார்.

"ஏம்மா, இது சர்டிபிகேட்டா, கருவாடா?"

ஏழு மாதப் புகை ரெக்சின் துணியைத் தாண்டி உள்ளே போயிருந்தது. புத்தகத்தின் அட்டை கருத்திருந்தது. மார்க் இருந்த பக்கத்தில் கரி படிந்து, இங்கே ஒரு எண், அங்கே பாதி எழுத்து என்றுதான் தெரிந்தது. பள்ளிக்கூட முத்திரை இருந்த இடத்தில் ஒரு நிழல் மட்டும் இருந்தது.

"பூச்சி ஒண்ணுகூட அண்டலைங்க" என்றாள் பிச்சையம்மாள்.

"அதெல்லாம் பத்திரமாத்தான் வச்சிருக்கீங்க, இல்லைங்கல. எழுத்துத் தெரியணுமில்ல? மார்க்கு என்ன, பொறந்த தேதி என்ன, எதைப் பார்த்து நான் எழுதட்டும்? டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட்டு வாங்கிட்டு வாங்க."

"எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள் வடிவு.

"மூணு மாசம், நாலு மாசம்."

"மனு வாங்கறது இன்னைக்கு மூணு மணி வரைக்கும்தானே சார்?"

மாயாண்டி கெட்ட மனிதர் இல்லை. அதனால் குனிந்தபடியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வடிவு அழுதிருந்தால் பிச்சையம்மாள் தாங்கியிருப்பாள். அவள் அழவில்லை. காகிதங்களை அடுக்கித் துணியில் வைத்துவிட்டு, "வா ஆத்தா, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு, டீ குடிப்போம்" என்றாள். நல்லசாமியின் பேச்சு மாதிரியே சாதாரணமான பேச்சு. பத்தாவது மனுவைத் தன் கையாலேயே புகை போட்டுவிட்டோமே என்று பிச்சையம்மாளின் மனம் அடித்துக்கொண்டது.

அழகுமலை புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓரத்தைச் சுண்டுவிரலால் தேய்த்தான். விரலில் கரி ஒட்டியது. அடுத்த நிமிஷம் படி இறங்கி ஓடினான்.

"எங்கலே ஓடுறே?"

"பேக்கரிக்கு!"

"கேட்டியாடி கதைய? தங்கச்சி பொழைப்பு போவுது, இவனுக்கு வயிறு பசிக்குது!"

அவன் திரும்பி வந்தபோது கையில் ஒரு முழு ரொட்டி இருந்தது. முந்தின நாள் ரொட்டி. உட்கார்ந்து ஓரத்தையெல்லாம் பிய்த்துப் போட்டான். வெள்ளைப் பகுதியைப் பிசைந்து உருண்டையாக்கினான். பிச்சையம்மாள் வாயைத் திறந்து இன்னும் இரண்டு வார்த்தை விடுவதற்குள், அந்த உருண்டையை மார்க் பக்கத்தில் வைத்து மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தான்.

ரொட்டி கருத்தது. காகிதம் வெளுத்தது.

"ட்ராயிங் கிளாஸ்ல கரிக்கட்டியில வரைஞ்சா ரப்பர் போட விடமாட்டாரு மாஸ்டர். ரொட்டிதான். ரப்பர் போட்டா காகிதம் பிஞ்சிரும், ரொட்டி கரியை மட்டும் தூக்கும்" என்றான் அழகுமலை. "ஏ வடிவு, அழுத்தாத. முத்திரைப் பக்கத்தை நான் பாத்துக்கறேன், நீ டி.சி.யை எடு. ஆத்தா, நீ உருண்டை பிடி."

ட்ராயிங் லோயர் எதற்குடா சோறு போடும் என்று அந்த வீட்டில் கேட்காதவர்கள் கிடையாது. பிச்சையம்மாளே பலமுறை கேட்டிருக்கிறாள். இப்போது வாயை மூடிக்கொண்டு ரொட்டி உருண்டை பிடித்தாள்.

தமிழில் அறுபத்தெட்டு முதலில் வந்தது. அப்புறம் கணக்கில் எழுபத்தொன்று. அறிவியல் எண்பதாகத் தலையைக் காட்டியதும் வடிவு சின்னப் பிள்ளை மாதிரிக் கத்திவிட்டாள். பிறந்த தேதி வந்தது. ஊதா நிற முத்திரை கடைசியில், அரை ரொட்டி தீர்ந்த பிறகு வந்தது. காகிதம் பழைய வெள்ளைக்குத் திரும்பவில்லை, டீ கொட்டிய நிறத்தில்தான் இருந்தது. ஆனால் ஒரு எழுத்துப் பாக்கியில்லாமல் படிக்க முடிந்தது.

சுற்றி ஒரு கூட்டமே நின்றது. கூக்காலிலிருந்து வந்த ஒரு பையனின் சர்டிபிகேட்டில் பூசணம் நிறைந்து, மடிப்பு இருந்த இடமெல்லாம் ஓட்டை. அவன் அதைக் காட்டி, "அண்ணே, இதுக்கு என்ன ரொட்டி?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பிச்சையம்மாள் அந்த ஓட்டையை உற்றுப் பார்த்தாள். அதன் பிறகு அவளுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

"என்ன கூட்டம் இங்கே?" என்று தமயந்தியே வெளியில் வந்துவிட்டார். வடிவு புத்தகத்தை நீட்டினாள். அவர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மோந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் சால்வையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மாயாண்டி சார், எல்லாம் தெளிவாத் தெரியுதே. எழுதிக்கங்க" என்றவர் வடிவைப் பார்த்தார். "நீதானே தனியாக் கை தூக்கினவ? ஏன் நர்ஸ் வேலை?"

வடிவு கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊருல பிரசவத்துக்கு ஆளைத் தூக்கிட்டு இங்க வரணும் மேடம். போன வருஷம் ஒருத்தங்களோட நடந்து வந்தேன். வழியெல்லாம் 'ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாமலே சொன்னேன். அடுத்த தடவை தெரிஞ்சு சொல்லணும்."

தமயந்தி பேனாவை எடுத்து மனுவில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஏதோ ஒரு வரியும் எழுதினார். "மார்க்கும் வயசும் சரியா இருக்கு. செலக்‌ஷன் லிஸ்ட் அடுத்த மாசம் வரும். என் சிபாரிசு எழுதியிருக்கேன். பெட்டியைக் கட்டி வைம்மா. ஆனா பெட்டியைப் பரண்ல வைக்காதே."

பிச்சையம்மாளுக்கு ஆனந்தத்தில் கண் கரித்தது. புகை என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அங்கே அடுப்பு எதுவும் இல்லை.

"ஆமா, அந்தப் பூண்டுல ஒரு கொத்து விலைக்குக் குடுப்பீங்களா? மலைப்பூண்டு வாசனை மதுரையில கிடைக்காது" என்று கேட்டார் தமயந்தி.

"வெதப்பூண்டுங்க ஆபீசரம்மா. வெதைக்க முன்ன அடுத்த வீட்டுக்குப் போவக் கூடாது. மாசியில வாங்க, ஒரு மூட்டை தாரேன்."

"நியாயம்தான்" என்று சிரித்துவிட்டு அவர் அழகுமலை பக்கம் திரும்பினார். "நீங்க ட்ராயிங் லோயர் பாஸா? காலையிலயிருந்து பாக்கறேன், எங்க ஆபீஸ் வேலையில பாதியை நீங்கதான் செய்றீங்க. சர்வே ஆபீஸ்ல மேப் வரைய அஞ்சு பேர் கேட்டிருக்காங்க. ட்ராயிங் லோயர், பி.யூ.சி. இருக்கிறவங்க லிஸ்ட்டை அடுத்த வாரம் அனுப்பறேன். நாலு வருஷ சீனியாரிட்டின்னா உங்க பேர் மேலயே வரும். கார்டு உயிரோட இருக்குல்ல? நம்பரைக் காட்டுங்க."

அழகுமலை தாயைப் பார்த்தான். தமயந்தி மாயாண்டியிடம் எதையோ கேட்கத் திரும்பியிருந்தார். பிச்சையம்மாள் ரெக்சின் துணிக்குள் கையை விட்டு, அவனுடைய கருத்துப்போன பதிவு அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் எந்தக் காகிதம் எது என்பது அவளுக்குத் தெரியும். கட்டியவள் அவள்தானே.

அவன் திரும்பி நின்று ரொட்டியை எடுத்து அட்டையில் தேய்த்தான். இரண்டு இழுப்பு இழுத்தான். மூன்றாவது இழுப்பில் கை நின்றது.

பிறகு அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினான்.

"கார்டு வீட்டுல கெடக்குங்க மேடம். அப்புறமாத் தபால்ல அனுப்பறேன்."

"சீக்கிரம் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

பிச்சையம்மாள் அவனையே பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தன் கையால் கொடுத்த அட்டை. அது வீட்டில் கிடக்கிறது என்று தன் கண்ணெதிரே பிள்ளை சொல்கிறான். அழகுமலைக்குப் பொய் வராது. ஊருக்கெல்லாம் மனு எழுதினாலும் ஒருவருடைய வயதைக்கூடக் குறைத்து எழுத மாட்டான்.

"என்னலே அதுல இருக்கு?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெரசா நடங்க."

"வடிவு, அவன் பையில இருக்கிறதை எடுத்துப் படி."

வடிவு படித்தாள். படித்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "செப்டம்பர் பதிமூணுக்குள்ள ரினியூ பண்ணியிருக்கணும் ஆத்தா. இன்னைக்கு இருபத்துநாலு. பதினோரு நாள் தாண்டிருச்சு."

"அக்டோபர்னு மனசுல பதிஞ்சு போச்சு" என்றான் அழகுமலை. சிரிக்கப் பார்த்தான். "பதினெட்டுப் பேர் தேதிய எழுதி வச்சேன், என் தேதிய எழுதல. என்னோடது எனக்கே தெரியுமேன்னு விட்டுட்டேன்."

நாலு வருஷம் போய்விட்டது. இனி புதிதாகப் பேர் பதிந்தால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

பிச்சையம்மாளுக்கு ஆடி மாதம் ஞாபகம் வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது அழகுமலை மேலே பார்த்து, "ஆத்தா, அந்தக் கட்டை ஒருக்கா எறக்கித் தாயேன், கார்டுல தேதி பாக்கணும்" என்றான். "உனக்கு வேற சோலி இல்லையா? வெதக்கட்டு முடிச்சை ஆடியில அவுக்கச் சொல்றே?" என்று அவள்தான் வாயை அடைத்தாள். அவன் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. இப்போதும் அதை அவன் சொல்லவில்லை. தேதியை மறந்தது தன் தப்பு என்று மட்டும் சொல்கிறான். அதுதான் அவளைச் சுட்டது.

அதற்குள் மூன்று மணியாகி முகாம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் ஆபீஸ்காரர்களின் ஜீப் உறுமும் சத்தம் கேட்டது.

பிச்சையம்மாள் ஓடினாள். கையில் மிச்ச ரொட்டி, இடுப்பில் செருகிய முந்தானை. நேராகப் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றாள். டிரைவர் பிரேக் போட்டார். மாயாண்டியின் தலை முன் கண்ணாடியில் இடித்தது.

"ஆபீசரம்மா, கார்டு வீட்டுல கெடக்கலைங்க. எம் மகன் பைக்குள்ள கெடக்கு. தேதி தாண்டிருச்சுன்னு மறைக்கிறான். அவன் ஆடியிலயே கேட்டானுங்க. நான்தான் முடிச்சை அவுக்க மாட்டேன்னுட்டேன். தப்பு எம்மேல."

பின்னாலேயே ஓடிவந்த அழகுமலை தலை குனிந்து அட்டையை நீட்டினான். தமயந்தி பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பதினோரு நாள். எனக்கு அதிகாரம் இல்லையேம்மா. தக்க காரணம் இருந்தா ஏத்துக்கலாம்னு விதி இருக்கு, ஆனா அதை மதுரையில எங்க பெரிய ஆபீசர்தான் எழுதணும். அவர் நாளைக்கு மத்தியானம் லீவுல போறார். வர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள லிஸ்ட் போயிரும்." மணியைப் பார்த்தார். "இவர் இப்பவே எங்ககூட வந்தா நாளைக்குக் காலையில பார்க்கலாம். ஆனா ரொம்பக் கறாரான மனுஷர். காரணம் என்னன்னு குடைவார்."

"காரணம் நாந்தானுங்க" என்றாள் பிச்சையம்மாள். "நானும் வாரேன்."

ஜீப்புக்குள் யாரும் மறுப்புச் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வத்தலக்குண்டுக்குக் கீழே அவள் இறங்கியதே கிடையாது. மதுரை எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. மாயாண்டி நகர்ந்து இடம் கொடுத்தார். அழகுமலை பின்னால் தொற்றிக்கொண்டான்.

வடிவு மட்டும் வெளியே நின்றாள். கையில் முடிச்சவிழ்ந்த விதைப்பூண்டுக் கட்டு.

"நீ ஒத்தையில ஊருக்குப் போயிருவியா?"

"பதினெட்டு மாசம் ஒத்தையில இருக்கப் போறவ ஆத்தா நான். பூம்பாறைக்குப் போக மாட்டேனா?"

சொன்னது என்னவோ தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் ஜீப் நகர்ந்ததும் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். ஒட்டன்சத்திரம் லாரி சாயங்காலம் வந்துவிடும். அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பரணைத்தான் பார்ப்பார். பொண்டாட்டி இல்லாத அடுப்பையும் கட்டு இல்லாத பரணையும் ஒரே பார்வையில் பார்க்கப் போகிறார். வடிவின் முகம் மாறுவதைப் பிச்சையம்மாள் ஜீப்பிலிருந்தே கண்டுகொண்டாள்.

வெளியே தலையை நீட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"அப்பா கேட்டா ஆத்தாதான் அவுத்தான்னு சொல்லு! ஏழு முடிச்சும் நாந்தான்னு சொல்லு!"

வடிவு தலையாட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குள் ஜீப் வளைவில் திரும்பிவிட்டது.